மஞ்சூரில் மனு எழுதுவதற்கு முன்

நீலகிரி மாவட்டத்து மஞ்சூர் பஜாரில் நின்றுகொண்டு, "இந்த ஊர் யாருடைய பொறுப்பு?" என்று கேட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். நாலும் சரியாகவே இருக்கும். பஜார் கீழ்குந்தா பேரூராட்சியில் வருகிறது. வருவாய்க் கணக்கில் குந்தா தாலுகா. தாசில்தார் அலுவலகமும் மஞ்சூரிலேயே இருக்கிறது. உதகைக்குப் போகும் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. பள்ளத்தில் தெரியும் அணையும் அதைச் சுற்றிய குடியிருப்பும் மின்வாரியம். மேலே தெரியும் சோலை வனத்துறை. சில வளைவு தாண்டிப் போனால் பேரூராட்சி முடிந்து ஊராட்சி தொடங்கிவிடும். அது உதகை ஒன்றியம்.

குந்தாப் பக்கம் கொடுக்கிற மனுக்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பதற்குப் பாதிக் காரணம், அவை தப்பான மேசைக்குப் போவதுதான். பதில் வராது, வந்தால் "உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று வரும். அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். அதனால் முதலில் நிலத்தைப் பார்த்துவிட்டு, பிறகு அலுவலகங்களுக்கு வருவோம்.

நீலகிரியை நாக்குபெட்டா என்பார்கள் படகர்கள். தொதநாடு, மேற்குநாடு, பொரங்காடு, குந்தே என்று நான்கு சீமைகள். தென்மேற்கு மூலையில் இருப்பது குந்தே சீமை. அதற்கும் மேற்கே குந்தா மலைத்தொடர் மதில் மாதிரி நிற்கிறது; முக்குருத்திச் சிகரம் 2,554 மீட்டர். அந்த மதிலைத் தாண்டினால் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு, அட்டப்பாடி. ஜூனில் அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் இந்த மதிலில் முட்டித்தான் கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது இப்படித்தான். கிழக்கே போகப் போக அந்த மழை மெலிந்துவிடும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்தது அந்த மழையில். மஞ்சூர் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். சாக்கடை தூர்வார வருஷத்துக்கு ஒரு டெண்டர் போதும் என்று சமவெளியில் சொல்லலாம். இங்கே இரண்டு தடவை வேண்டும்.

இந்த மழையை நம்பித்தான் கொழும்புத் திட்டத்தில் கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் வந்தது. தண்ணீர் படிப்படியாக இறங்குகிறது: அவலாஞ்சி, எமரால்டு அணைகளிலிருந்து குந்தா பாலம் (60 மெகாவாட்), அங்கிருந்து கெத்தை (175), பரளி (180), பில்லூர் (100). கடைசியில் பவானி. கோவைக்காரர்கள் குடிக்கிற பில்லூர்த் தண்ணீரில் நம்மூர் மழையும் கலந்திருக்கிறது.

இத்தனை அணை சுற்றி இருந்தும் ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) ஏன் குடத்தோடு நிற்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அணைகள் பள்ளத்தில் இருக்கின்றன, ஹட்டிகள் மேட்டில் இருக்கின்றன. அணைத் தண்ணீரை ஏற்ற மோட்டார் வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். அதனால் பெரும்பாலும் ஊருக்கு மேலே இருக்கிற ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும்தான் குழாய் வருகிறது. அந்த ஊற்று பல இடங்களில் காட்டுக்குள் இருக்கும். குடிநீர்க் குழாய் பேரூராட்சியுடையது, ஊற்று இருக்கிற மண் வனத்துறையுடையது. இந்த ஒரு வாக்கியத்தில் பாதித் தகராறு அடங்கிவிடும்.

குந்தா அணை கதை வேறு. உயரம் 89 அடி. மேலே செங்குத்துச் சரிவுகளில் கேரட், உருளைக்கிழங்கு போடுகிற தோட்டங்களிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து வந்து அணையில் படிகிறது. சேறு ஏற ஏறக் கொள்ளளவு குறையும். சுமாரான மழைக்கே மதகைத் திறக்க வேண்டிவரும். தோட்டத்தில் சரிவுக்குக் குறுக்கே பாத்தி பிடிப்பதும் வரப்பில் புல் விடுவதும் வேளாண் துறையின் பேச்சு, தூர் வாருவது மின்வாரியத்தின் வேலை, கீழே கரையோரம் இருக்கிறவர்களுக்கு எச்சரிக்கை கொடுப்பது வருவாய்த் துறை. பேரூராட்சிக்கு இதில் ஒலிபெருக்கி பிடிக்கிற வேலைதான்.

தாலுகா ஆறு, ஒன்றியம் நாலு

நீலகிரியில் உதகை, குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகாக்கள். ஊராட்சி ஒன்றியங்களோ உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நான்குதான். குந்தாவுக்கும் பந்தலூருக்கும் தனி ஒன்றியம் கிடையாது. ஆக, மேல்குந்தா, முள்ளிகூர், பாலகொலா மாதிரி ஊராட்சிகளில் இருக்கிறவர் பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு மஞ்சூர் தாலுகா அலுவலகம் வர வேண்டும். ஊராட்சி ரோட்டுக்கும் தெருவிளக்குக்கும் உதகையில் இருக்கும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம் போக வேண்டும். நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். மஞ்சூரில் தாலுகா அலுவலகம் இருப்பதால் "எல்லாம் இங்கேதான்" என்று நினைத்து ரோடு மனுவைத் தாசில்தாரிடம் கொடுப்பவர்கள் நிறைய.

பேரூராட்சிக்கு மேலே பி.டி.ஓ. கிடையாது. அது பேரூராட்சிகள் இயக்ககத்தின் கீழ் வரும் நகர்ப்புற அமைப்பு. உள்ளே செயல் அலுவலர்தான் நிர்வாகம்; சுருக்கமாக இ.ஓ. என்பார்கள். வார்டு உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 பிப்ரவரி 19-ல் வாக்குப்பதிவு நடந்து, மார்ச் 4-ல் தலைவர் தேர்தல் நடந்தது அப்படித்தான். அந்தத் தேர்தலின்போது மாவட்டத்தில் 4 நகராட்சி, 11 பேரூராட்சி. குந்தாப் பக்கம் கீழ்குந்தாவும் பிக்கட்டியும் பேரூராட்சிகள்.

ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. தனி அலுவலர் காலத்தில் தலைவர் வீட்டு வாசலில் நின்று பயனில்லை. ஊராட்சிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து, நகலை ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புவதுதான் வழி.

பேரூராட்சியா ஊராட்சியா என்பது வெறும் பெயர்ப் பலகை விஷயம் என்று நினைக்க வேண்டாம். நூறு நாள் வேலை என்று நாம் சொல்கிற ஊரக வேலைத் திட்டம் ஊராட்சியில் உண்டு, பேரூராட்சியில் இல்லை. கலைஞர் கனவு இல்லம் ஊரகத்துக்கு உரியது; பேரூராட்சிக்காரர் அதற்கு மனு போட்டால் கையோடு திரும்பும். தேயிலை பறிக்கிற குடும்பம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இருந்தால் வேறு சட்டம். 2004-ல் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றினார்கள். ஊரகத் திட்டப் பணம் வரும் என்பது அப்போதைய கணக்கு. 2006-ல் மறுபடியும் பேரூராட்சி ஆக்கிவிட்டார்கள். என் கருத்தில், சிதறிக் கிடக்கும் ஹட்டிகளையும் தேயிலைத் தோட்டத்தையும் சேர்த்து நகர்ப்புறம் என்று சொல்வது காகிதத்தில் மட்டும் பொருந்தும். சமவெளிப் பேரூராட்சியில் 100 மீட்டர்க் குழாயில் பத்துப் பதினைந்து வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கலாம். இங்கே ஒரு ஹட்டிக்கும் அடுத்த ஹட்டிக்கும் நடுவில் ஒரு பள்ளமும் ஒரு ஓடையும் இருக்கும்.

தண்ணீர்

மேட்டு ஊற்றிலிருந்து புவியீர்ப்பில் வரும் குழாயில் மோட்டார் இல்லை, ஆகவே செலவு இல்லை என்று தோன்றும். பழுது எல்லாம் அழுத்தத்தில்தான் வரும். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. ஊற்றுக்கு 120 மீட்டர் கீழே இருக்கும் வீட்டில், தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது குழாய்க்குள் 12 கிலோ. அங்கே 6 கிலோ பைப் போட்டிருந்தால், எல்லோரும் குழாயை மூடிவிட்டுத் தூங்குகிற ராத்திரியில்தான் வெடிக்கும். பகலில் தண்ணீர் ஓடும்போது அழுத்தம் குறைவதால் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரியும். தீர்வு பழையது: 50 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு சின்னத் தொட்டி கட்டி, தண்ணீரை அதில் விழவிட்டு மறுபடி எடுப்பது. தொட்டியில் விழுந்தவுடன் அழுத்தம் பூஜ்யம். மதிப்பீட்டில் பணத்தை மிச்சம் பிடிக்க முதலில் வெட்டப்படுவதும் இந்தத் தொட்டிகள்தான். மனு எழுதும்போது "குழாய் அடிக்கடி உடைகிறது" என்று நிறுத்தாமல், "அழுத்தம் குறைக்கும் தொட்டி இத்தனை இடத்தில் வேண்டும்" என்று எழுதுங்கள்.

குழாய் சரிவில் இறங்கி, ஒரு மேட்டில் ஏறி, மறுபடி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தேங்கும். வீட்டுக் குழாய் இருமுகிற மாதிரி துப்பித் துப்பி வரும், பிறகு நின்றுவிடும். மேட்டில் ஏர் வால்வு, பள்ளத்தில் சேறு கழுவிவிட ஒரு வால்வு, இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊற்று வாயில் வலை இல்லாவிட்டால் இலை அடைக்கும். வலை இருந்தாலும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை யாராவது போய்த் தட்டிவிட வேண்டும். மண்ணுக்கு மேலே ஓடுகிற கறுப்புப் பைப்பைக் காட்டெருமை மிதித்தால் ஜாயிண்ட் கழன்றுவிடும். ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் அந்தத் தொல்லை பாதி போகும், ஆனால் காட்டுக்குள் தோண்ட வனத்துறை அனுமதி வேண்டும்.

அந்த அனுமதிக்கு ஒரு குறுக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு குடிநீர், குழாய், சாலை, பள்ளி உட்பட 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். குறும்பர், இருளர் குடியிருப்புகளுக்குக் குழாய் போட இதுதான் பிடி. கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் போனால் கோப்பு நகராது.

குளோரின் விஷயம்: ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது புழக்கத்தில் உள்ள அளவு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். அவசரத்தில் பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டுவது பரவலாக நடக்கிறது. முதல் வீட்டில் நாற்றம், கடைசி வீட்டில் ஒன்றுமே இல்லை. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நம்மூர் ஈரத்தில் மூட்டை பிரித்த பவுடர் சீக்கிரம் சத்தை இழந்துவிடும். கட்டி தட்டிப்போன பவுடரை எத்தனை கிராம் போட்டாலும் ஒன்றுதான்.

ரோடும் தடுப்புச் சுவரும்

மலை ரோட்டில் வாய்க்கால் மலைப்பக்கம் இருக்கும். அதில் வரும் தண்ணீர் சிறு பாலத்தின் அடியில் ரோட்டைக் கடந்து பள்ளத்துப் பக்கம் ஓடையில் விழ வேண்டும். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் பிளாஸ்டிக்கும் சிறு பாலத்தின் வாயை அடைத்தால், தண்ணீர் ரோட்டின் மேலேறிப் பள்ளத்து ஓரத்தை அரிக்கும். அந்த ஓரம் வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பியது; இயற்கைப் பாறை இல்லை. பத்து நாள் கழித்து "ரோடு உள்வாங்கியது" என்று செய்தி வரும். உள்வாங்கவில்லை, வாய் அடைத்திருந்தது.

தடுப்புச் சுவரில் கசிவுத் துளைகள் வைப்பார்கள். துளைக்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருந்தால்தான் அது வேலை செய்யும். மண்ணை நிரப்பினால் துளை அடைத்து, மழையில் ஊறிய மண் சுவரைத் தள்ளும். சுவர் வயிறு தள்ளியிருந்தால், அது விழுகிற தேதி மட்டும்தான் பாக்கி. பெருமழையில் பத்து நிமிஷம் பாருங்கள்: துளையில் தண்ணீர் வந்தால் சுவர் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் போட்டோ எடுத்து, தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

யாரிடம் என்பதற்கு ஒரு சோதனை: ரோட்டில் கிலோமீட்டர்க் கல் இருந்தால் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை. மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடை இறங்கும் 43 கொண்டை ஊசி வளைவு ரோட்டில் சரிவு விழுந்தால் பேரூராட்சிக்கு மனு போட்டுப் பயனில்லை. மழை நேரத்தில் ரோடு மூடிவிட்டால் மனு எல்லாம் வேண்டாம், 1077-க்குப் போன் செய்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

வீடு, மரம் இரண்டுக்கும் சுருக்கமாக. மலையில் கட்டட உயரம் 7 மீட்டர்தான். வரைபடத்தோடு பட்டா, நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று வேண்டும். இடத்தைப் பொறுத்து புவியியல், வேளாண் பொறியியல், வனத்துறைத் தடையின்மைச் சான்றுகளும், மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பார்வையும். மண் வெட்டப் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தனி. இ.ஓ.வின் கையெழுத்து ஒன்றே போதும் என்று யாராவது இடத்தை விற்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தள்ளி நில்லுங்கள். பட்டா நிலத்து மரத்துக்கும் 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வீட்டின் மேல் சாய்ந்த கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தைப் பேரூராட்சி வெட்டித்தராது. தாசில்தாருக்கு ஒன்று, வனத்துறைக்கு ஒன்று என இரண்டு மனு போட வேண்டும்.

பணமும் மனுவும்

பேரூராட்சிக்குச் சொந்த வருமானம் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை. மீதி மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும். 2021-26-க்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போட்ட பணமாக இருந்தது. அதில் ரோடு போட முடியவில்லை. "பணம் இருக்கிறது, வேலை செய்ய மாட்டேன் என்கிறார்கள்" என்ற சண்டையின் மூலம் பல நேரம் இதுதான். நீலகிரியில் 1975-76-ல் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் இன்னொரு வாசல். தடுப்புச் சுவர், சிறு பாலம், நடைபாதை மாதிரி வேலைகளுக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

சொத்து வரியை அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். ஏப்ரலும் அக்டோபரும் ஞாபகம் இருந்தால் போதும்.

மனுவில் ஹட்டியின் பெயர் மட்டும் எழுதினால் வேலை நடக்காது. ஹட்டி என்ற சொல்லுக்கு அரசுக் கணக்கில் இடமே இல்லை. வருவாய் கிராமம், புல எண், வார்டு எண், அருகில் உள்ள கோயிலோ ரேஷன் கடையோ, இவ்வளவும் வேண்டும். ஒரு மனுவில் ஒரே குறை. குழாய், விளக்கு, ரோடு மூன்றையும் சேர்த்து எழுதினால் மூன்று எழுத்தர்களிடம் சுற்றி எங்கேயும் நிற்காது. கையில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கட்கிழமை உதகை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் எண் தருவார்கள். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வார்டு உறுப்பினரிடம் கொடுத்தால், "மாதக் கூட்டத்தின் பொருளில் சேர்த்து விடுங்கள்" என்று கேளுங்கள். தீர்மானம் ஆகாத வேலைக்கு மதிப்பீடு போட முடியாது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேள்வி, 30 நாள் கெடு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் தேதி மனுவின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்" என்று கேட்டால் வரும்.

கடைசியாக நேரக் கணக்கு. புது வேலைக்கு மனு ஜனவரிக்குள் போக வேண்டும், வரவு செலவுத் திட்டம் போடுவதற்கு முன்னால். சிறு பால வாய் அடைப்புக்கான மனுவை ஏப்ரல் கடைசியில் ஒன்று, செப்டம்பர் நடுவில் ஒன்று என்று கொடுங்கள். ஜூன் பத்தாம் தேதி கொடுத்தால் தூர்வார ஆள் வருவதற்கு முன்னால் தண்ணீர் ரோட்டில் ஏறியிருக்கும்.